லெய் அக்காவின் நாக்கு

"வந்துச்சா?" என்று கேட்டார் பெங் டாக்டர்.

"வரல," என்றாள் லெய் அக்கா.

அவர் ஊசியை இன்னும் கொஞ்சம் இறக்கி, இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து இடமும் வலமுமாக உருட்டினார்.

"இப்ப? கடுக்குதா, மரமரன்னு இருக்கா, கனக்குதா? மூணுல ஒண்ணாவது சொல்லு."

"மூணும் இல்ல."

"ஒன்றரை அங்குலம் உள்ள இருக்கு, லெய்."

"நீங்க சொன்னாத்தான் தெரியுது."

அடுத்த கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்த தடித்த மனிதர் சிரித்தார். அவர் முதுகில் ஒன்பது கண்ணாடிக் குடுவைகள் தோலைக் கவ்விக்கொண்டிருந்தன. சிரித்ததில் அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. "நீங்க சிரிக்காதீங்க. கழண்டு விழுந்தா திரும்ப முதல்லருந்து நெருப்பு காட்டி வைக்கணும்," என்று அவரை அதட்டிவிட்டு, பெங் டாக்டர் மறுபடி லெய் அக்காவின் தோளுக்குத் திரும்பினார்.

"ஊசி போட்டா என் விரல்ல ஒரு இழுப்பு தெரியணும். தூண்டில்ல மீன் கவ்வுற மாதிரி. இங்க குளத்துல மீனே இல்ல."

"குளமே காஞ்சிருக்கும்."

"எப்பலருந்து கை தூக்க முடியல?"

"கோடையிலருந்து."

"கோடையில என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. வேலைக்கு வந்தேன்."

அவர் மாசிபத்திரி இலையைப் பஞ்சுபோல் இடித்துச் செய்த சிறு உருண்டை ஒன்றை ஊசியின் தலையில் செருகிப் பற்றவைத்தார். புகை சுருண்டு எழுந்தது. சூடு ஊசி வழியாக உள்ளே இறங்கவேண்டும்.

"சுடுதா?"

"வாசனை வருது."

"வாசனைய யாரு கேட்டா? சரி, தோள் கிடக்கட்டும். நாக்கு நல்லா இருக்குல்ல? உன் நாக்கு போச்சுன்னா கீழ்த்தளத்த இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"நாக்கு நல்லாத்தான் இருக்கு."

"நீட்டு, பாப்போம்."

நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "வெளுத்துக் கிடக்கு. ஓரமெல்லாம் பல்லுத் தடம்."

"நிறத்த வச்சு என்ன பண்ண? வேல செஞ்சாப் போதும்," என்று சொல்லி அவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் அவளுடைய மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கையால் அதை அவளால் மாட்டிக்கொள்ள முடியாது என்பதால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்திருந்தாள். அது குளிர்காலத் தொடக்கம். கோடையில் என்ன நடந்தது என்பது பெங் டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கணவர் இறந்துபோனார். நான்காவது நாள் அவள் கையில் கறுப்புப் பட்டையோடு வேலைக்கு வந்தாள்.

லெய் ஷுஜுன் என்பது அவள் முழுப்பெயர். வயது நாற்பத்தேழு. எங்கள் ஊர்ச் சீன மருத்துவமனையின் கஷாய அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை. அதற்கு முன் பட்டு ஆலையில் கூடுகளை வெந்நீரில் போட்டு நூலெடுத்துக்கொண்டிருந்தாள். ஆலையை மூடியபோது, "கொதிக்கிற தண்ணிப் பக்கத்துல நின்னு பழகினவங்க யாரு?" என்று மருத்துவமனையில் கேட்டார்களாம். கையைத் தூக்கியவர்களில் அவள் ஒருத்தி. இதைத் தவிர அவள் வந்த கதை வேறு இல்லை.

இரண்டாம் மாடியில் டாக்டர்கள் நாடி பார்த்துச் சீட்டு எழுதுவார்கள். தரைத்தளத்தில் சுவர் முழுக்க இழுப்பறைகள் உள்ள மருந்துக் கூடத்தில் சீட்டுப்படி வேரும் பட்டையும் நிறுத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணிப்பையில் கட்டுவார்கள். அந்தப் பை பின்கட்டிலுள்ள கஷாய அறைக்கு வரும். அங்கே கொதித்து, வடிந்து, வேளைக்கு ஒன்றாகச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டு, முற்றத்தைப் பார்த்த சன்னல் வழியாக வெளியே போகும். அந்தச் சன்னலில் இருப்பது நான். மலைவாழ் யீ இனத்தாரான எங்களுக்கான பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியும் சீனமும் படித்தவள் என்பதால் என்னை அங்கே உட்காரவைத்தார்கள். மலையிலிருந்து வரும் எங்கள் ஆட்களுக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வது என் வேலை.

மற்ற மூலிகைகளைக் கொதிக்கவைக்க ஒரு கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். நாபிக் கிழங்கு அப்படியல்ல. குளிரில் இறுகிப்போன மூட்டுக்கும், சில்லிட்ட கைகாலுக்கும் அதைப்போல் வேறு மருந்து கிடையாது என்பார் இரண்டாம் மாடியில் நாடி பார்க்கும் கோங் டாக்டர். எங்கள் பக்கத்து மலைகளில் ஈரமும் குளிரும் அதிகம் என்பதால் தாராளமாகவே எழுதுவார். ஆனால் அது விஷம். மற்ற சரக்குகளைச் சேர்க்குமுன் அதைத் தனியாக இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து விஷத்தைக் கொல்லவேண்டும். துண்டு தடிமனாக இருந்தால் இரண்டு மணி நேரம் போதாது, ஊறியது குறைந்தாலும் போதாது. கடிகாரம் பாதி சொல்லும். மீதியை நாக்குதான் சொல்லவேண்டும்.

லெய் அக்கா மூங்கில் குச்சியைக் கஷாயத்தில் தோய்த்து நாக்கின் நுனியில் வைப்பாள். துப்புவாள். பிறகு சன்னலைப் பார்த்தபடி மனதுக்குள் முந்நூறு எண்ணுவாள். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் பேசக்கூடாது. நுனி மரத்தால் விஷம் இன்னும் இருக்கிறது, மறுபடி அடுப்புக்கு. மரக்காவிட்டால் தலையை ஒரு தரம் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் பை என் சன்னலுக்கு வரும்.

இதற்காகத்தான் பத்தொன்பது ஆண்டுகளாக அவள் மரப்பு மிளகு சாப்பிடவில்லை. சிச்சுவானில் பிறந்த ஒருத்தி ஹுவாஜியாவ் என்ற அந்த மிளகு இல்லாமல் சாப்பிடுகிறாள் என்பதை யாரும் லேசில் நம்பமாட்டார்கள். இங்கே காலை உணவே நூடுல்ஸ், அதன்மேல் மிளகாய் எண்ணெய், அதன்மேல் அந்த மிளகுப் பொடி. நாலு வாய்க்குள் உதடு தன்னுடையதா என்று சந்தேகம் வரவேண்டும், வந்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. கஷாய அறையில் அவளோடு வேலை செய்யும் குவான், "மிளகு இல்லாத நூடுல்ஸும் நனைஞ்ச கயிறும் ஒண்ணு," என்பான். அவன் அடுப்பையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வான். சுவைபார்ப்பது அவன் வேலை இல்லை. லெய் அக்கா வெறும் கஞ்சியும் வேகவைத்த கீரையும் தின்றுவிட்டு வருவாள்.

அவள் வீட்டில் இரண்டு வாணலி. ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் கணவர் லியாவுக்கு. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குத் தர்பூசணியில்கூட மிளகு வேண்டும். "நாக்க அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டவளக் கட்டிக்கிட்டேன்," என்று மருத்துவமனை விருந்துகளில் எல்லாரிடமும் சொல்வார். "ஒரு நாளைக்கு நீ ஓய்வு வாங்குவடி. அன்னிக்கு உனக்கு ஒரு நூடுல்ஸ் கிண்டித் தரேன், நீ மூணு நாள் பேசமாட்ட." பிள்ளைகள் இல்லாத குறையை அவர் பேச்சில் நிரப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆலைத் தூசி அவர் நுரையீரலில் இறங்கிவிட்டது. கடைசி எட்டு மாதம் வீட்டில்தான் இருந்தார். அவருக்கான கஷாயத்தை லெய் அக்கா மருத்துவமனை இயந்திரத்தில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின் அம்மாவிடம் ஒரு மண்சட்டி கேட்டு வாங்கி, வீட்டிலேயே காய்ச்சினாள். காய்ச்சிய சக்கையைத் தெருமுனையில் கொட்டினாள். போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டு நோய் ஊரோடு போய்விடவேண்டும். மிதித்தார்கள். போகவில்லை.

அவர் போனபின் சட்டி அவள் வீட்டிலேயே நின்றுவிட்டது. மருந்துச் சட்டியை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. சொந்தக்காரர் தேவைப்படும்போது அவரே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். செத்த வீட்டிலிருந்து சட்டியை எடுக்கச் சின் அம்மா வரவில்லை. அது சமையலறைச் சன்னல் மேலிருந்த உயரமான பலகையில் கவிழ்ந்து கிடந்தது. கோடைக்குப் பிறகு லெய் அக்காவின் கைக்கு எட்டாத உயரம். எட்டியிருந்தாலும் தொட்டிருக்கமாட்டாள்.

இலையுதிர்காலத்தில் லியாவின் தம்பி ஜின்யாங்கிலிருந்து வழக்கம்போல ஒரு பை பச்சை மரப்பு மிளகு அனுப்பிவைத்தார். அவருடைய தோட்டத்து மரத்தில் காய்த்தது. ஆண்டுதோறும் அனுப்புவார். அந்த ஆண்டு அனுப்பாமல் விட அவருக்கு மனம் வந்திருக்காது. லெய் அக்கா பையைப் பிரித்தாள். வீடு முழுக்க வாசனை. வீணாக்கக்கூடாது என்று நூடுல்ஸில் கொஞ்சம் போட்டாள். மறுநாளும் போட்டாள். இதையெல்லாம் பின்னால்தான் எங்களுக்குச் சொன்னாள், வானிலையைச் சொல்வதுபோல.

குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் வாரம் அது. ஊரே ஆட்டுக்கறிச் சூப்பு காய்ச்சும், கோங் டாக்டரின் வாசலில் வரிசை படிக்கட்டுவரை இறங்கும். அதில் ஒரு நாள் காலை நாபி போட்ட சட்டிகள் நான்கு இருந்தன. ஏழே காலுக்கு மின்சாரம் போனது. அடுப்புகள் எல்லாம் மின் அடுப்புகள். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. கொதி அறுந்தால் நேரத்தை முதலிலிருந்து எண்ணவேண்டும் என்பது விதி. குவான் விட்ட இடத்திலிருந்தே எண்ணினான். வெளியே ஆட்கள் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

லெய் அக்கா நான்கு சட்டியிலும் குச்சி வைத்தாள். நான்கு தரமும் சன்னலைப் பார்த்து எண்ணினாள். நான்கு தரமும் தலையை ஆட்டினாள்.

முதல் பைகள் ஜிமு உகா என்பவருடையவை. அறுபது வயதிருக்கும். மேலே மலையில் ஆடு மேய்ப்பவர். முட்டி இரண்டும் குளிரில் கல்லாகிவிட்டது என்று வந்திருந்தார். எங்கள் மொழியில் விவரம் சொன்னேன். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மாமா. சூடு பண்ணிக் குடிக்கணும்."

"இது இப்பவே சூடாத்தானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப ஒண்ண இங்கயே குடிச்சுட்டுப் போறேன். வீட்டுக்குப் போனா என் மருமக, இது என்ன மூத்திரமான்னு கேப்பா."

குடித்தார். முற்றத்து பெஞ்சில் பத்து மணி பஸ்ஸுக்காக உட்கார்ந்தார். கால் மணி நேரம் இருக்கும், எழுந்து சன்னலுக்கு வந்தார்.

"பிள்ள, என் வாய் தூங்கிப்போச்சு."

நான் முதலில் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்தேன். விரலையும் இன்னொரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

லெய் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அவருடைய இன்னொரு பையை வெட்டி நாக்கில் வைத்தாள். எண்ணினாள். முந்நூறுவரை போகவில்லை, நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

"எனக்குத் தெரியல," என்றாள். "நீ காலையில என்ன தின்ன?"

"மலைக் கோதும ரொட்டி. பஸ் லேட்டு. கடைக்குப் போகல."

மற்ற நாளாக இருந்தால் சந்துக் கடையில் எல்லாரையும்போல மிளகு போட்ட நூடுல்ஸ்தான் தின்றிருப்பேன்.

"அப்ப நீ வை."

குச்சியை வாங்கி வைத்தேன். முதலில் அதிமதுரத்தின் இனிப்பு. பிறகு சுக்கு. பிறகு நுனியில் எறும்பு ஊர்வதுபோல. பிறகு அந்த இடமே என்னுடையதாக இல்லை.

"மரக்குதுக்கா."

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "குவான், நாலு சட்டியும் திரும்ப அடுப்புக்கு. ஒரு பை வெளிய போகக்கூடாது," என்றாள். பெரியவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள், வலிக்கும் தோளில்தான். முற்றத்தைக் கடந்து அவசரப் பிரிவுக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னாள்: "நாபி. சரியா வேகாதது. ஒரு பை முழுசாக் குடிச்சிருக்காரு. பதினெட்டு நிமிஷம் ஆகுது."

ஜிமு உகா பிழைத்துக்கொண்டார். ஒரு பகல் முழுக்க நாடி தவறித் தவறி ஓடியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் லெய் அக்கா அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள்.

"என்ன சொல்றாரு?"

"ஆட்ட யாரு மேய்க்கிறதுங்கறாரு."

"திட்டுறாரா?"

"இல்ல."

"திட்டச் சொல்லு."

அதை நான் உள்ளே போய்ச் சொன்னேன். "எதுக்குத் திட்டணும்? ரெண்டு நாளா முட்டி வலிக்கல. நல்ல மருந்து. என்ன, கொஞ்சம் கோவக்கார மருந்து." நான் வெளியே வந்து, அவர் திட்டவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பிரிவுத் தலைவர் தாவ் மின்தடையைக் காரணமாக எழுதி முடித்துவிட நினைத்தார். அது பொய்யும் இல்லை. லெய் அக்கா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தன் கையால் இன்னொரு வரி சேர்த்தாள்: "நாக்கு மரத்தது. மிளகு என்று நினைத்தேன்."

"இத எதுக்கு எழுதுற?" என்றார் தாவ்.

"நடந்துச்சு. எழுதுறேன்."

"தினமுமா மரத்துச்சு?"

"தினமும் கொஞ்சம் இருக்கும். தினமும் அதக் கழிச்சுக்குவேன். அன்னிக்கும் கழிச்சுட்டேன்."

தாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்தகால விழா முடிந்து இரண்டு மாதம்வரை அவகாசம் தந்தார். அதற்குள் நாக்கு சரியானால் பழைய வேலை. ஆகாவிட்டால் அவள் மருந்துக் கூடத்துக்கு, இழுப்பறை நிரப்ப. அதோடு கஷாய அறையில் நாபி காய்ச்சுவதே நின்றுவிடும். கிழங்கைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவோம், வீட்டில் காய்ச்சிக்கொள்ளட்டும். குவானைச் சுவைபார்க்கச் சொன்னார்கள். அவன், "சம்பளத்த வேணா நிறுத்துங்க, மிளக நிறுத்தச் சொல்லாதீங்க," என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது நிஜம்.

முடிவு தெரியும்வரைக்கும் என்று நாபிச் சட்டிகள் அன்றே அடுப்பிலிருந்து இறங்கின, கிழங்கு பொட்டலமாகவே போயிற்று. லெய் அக்கா மிளகை நிறுத்தினாள். மீதிப் பையைக் குவானுக்குக் கொடுத்தாள். பதினைந்து நாள் கஞ்சி. பதினாறாம் நாள் காலையில் வெறும் வெந்நீரை நாக்கில் வைத்து முந்நூறு எண்ணினாள். மரப்பு அப்படியே இருந்தது. உப்பை வைத்தாள். வினிகரை வைத்தாள்.

"மிளகு இல்ல," என்று என்னிடம் சொன்னாள். "மிளகுக்கு முன்னாடியே இருந்திருக்கு. வேற எதுவும் தெரியாததாலதான் மிளகு நல்லா இருந்துருக்கு."

அதன்பிறகு மருத்துவமனையே அவள்மேல் இறங்கியது. கோங் டாக்டர் அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, வெளியே வரிசை முணுமுணுக்கும்வரை நாடி பார்த்தார்.

"ஆழத்துல கிடக்கு. கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு. நாக்கு இருதயத்தோட வாசல், லெய். வாசல் சாத்தியிருக்குன்னா உள்ள என்னன்னு பாக்கணும்."

"உள்ள யாரும் இல்ல டாக்டர்."

அவர் சீட்டு எழுதினார். அந்தக் கஷாயத்தைக் குவான் காய்ச்சினான். நிலவேம்பெல்லாம் பக்கத்தில் நிற்கமுடியாத அளவுக்குக் கசக்கும் மஞ்சள் வேர் ஒன்று அதில் இருந்தது. லெய் அக்கா தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவைத்தாள். "முகத்தையாவது சுளி அக்கா, மருந்துக்கு ஒரு மரியாத வேணாமா?" என்றான் குவான். அவள் அவனுக்காக ஒரு தரம் முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

பெங் டாக்டர் தாடைக்கடியிலும் உச்சந்தலையிலும் ஊசி போட்டார். நாக்கின் அடியிலிருக்கும் நரம்பைக் குத்தி இரண்டு சொட்டு இரத்தம் எடுத்தார். கறுப்பாக இருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தொப்புளுக்கடியில் மாசிபத்திரிச் சுருட்டைப் பிடித்துச் சூடு காட்டினார்கள். முதுகில் குடுவை வைத்தார்கள். எடுத்தபோது ஒவ்வொரு வட்டமும் நாவல்பழ நிறம். "எவ்வளவு குளிர் உள்ள இருந்திருக்கு பாரு," என்று அந்த வட்டங்களை என்னிடம் காட்டினார் பெங் டாக்டர். பார்வையில்லாத ஃபெய், பிடித்துவிடும் அறையில் முக்கால் மணி நேரம் அவள் தலையையும் கழுத்தையும் அமுக்கினார். "இந்த அம்மா கழுத்து பூட்டின வீடு மாதிரி இருக்கு. தட்டித் தட்டி என் விரல்தான் வலிக்குது," என்றார். குவானின் மனைவிகூட ஒரு மதியம் எருமைக்கொம்புச் சில்லோடு வந்து அவள் பிடரியைச் சிவக்கச் சுரண்டிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றுக்கும் அவள் உடன்பட்டாள். சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்றினாள். திரும்பச் சொன்னால் திரும்பினாள். பார்சலில் வந்த சரக்கை மேசைக்கு மேசை கைமாற்றுவதுபோல அவளை மாடிக்கு மாடி அனுப்பிக்கொண்டிருந்தோம். தோள் கொஞ்சம் சரியானது. கை காதுவரை உயர்ந்தது. வலி போனதா என்று கேட்டால், "கை உயருது," என்பாள். நாக்கு திரும்பவில்லை.

அவகாசம் முடிய நான்கு நாள் இருந்தபோது ஜிமு உகா வந்தார். மலையில் பனி உருகிக்கொண்டிருந்தது, அந்த ஈரத்தில் முட்டி மறுபடி கல்லாகிவிட்டது. கையில் கிழங்குப் பொட்டலம். மருந்துக் கூடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"இத என்ன பண்ணச் சொல்ற?"

"வீட்டுல காய்ச்சணும் மாமா. ரெண்டு மணி நேரம், கொதி அறாம."

"விறகு அடுப்புல? என் மருமக ரெண்டு மணி நேரம் அடுப்பப் பாப்பாளா, ஆட்டப் பாப்பாளா? நீங்களே காய்ச்சிக் குடுங்க. அந்தப் பொம்பள எங்க, என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனவ?"

லெய் அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன்.

"வீட்டுல காய்ச்ச வேண்டாம்னு சொல்லு. பொட்டலத்த வாங்கி வை. நாலு நாள் கழிச்சு வரச் சொல்லு."

"நாலு நாள்ல என்னக்கா ஆகும்?"

நான் பொட்டலத்தை வாங்கி, அவர் பெயரை எழுதி, சன்னலோரம் வைத்தேன். கோங் டாக்டர் எழுதிய வேறு தைலத்தோடு அவர் அன்றைய பஸ்ஸில் போனார்.

அந்த ஞாயிறு மதியம் லெய் அக்கா என்னை வீட்டுக்கு வரச்சொல்லித் தொலைபேசினாள். போனபோது சின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேத்திக்கு இருமலாம், மூன்று நாளாகத் தூக்கமில்லையாம்.

"சட்டிய எடுக்க வந்தேன். தப்பா நெனச்சுக்காத லெய், இத்தன நாள் வரலன்னு. வரணும் வரணும்னுதான்."

"அதுல என்ன. உங்க சட்டிதானே."

"நீ கொஞ்சம் எடுத்துக் குடேன்."

"எனக்கு எட்டாது," என்றாள் லெய் அக்கா. "இவ எடுப்பா."

அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் நாற்காலியில் ஏறிச் சட்டியை இறக்கினேன். உள்ளே உலர்ந்த வேர்த்துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நேரே சின் அம்மாவிடம் கொடுத்தேன், லெய் அக்காவின் கை படாமல். சின் அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இருமலுக்கு என்ன போடலாம், நீர் எவ்வளவு வைக்கலாம் என்று வாசல்படிவரை கேட்டுக்கொண்டே போனார். லெய் அக்கா ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். தண்ணீர் மூலிகைக்கு மேலே இரண்டு விரல் நிற்கவேண்டும். குழந்தைக்கு என்பதால் கொதி குறைவாகப் போதும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பலகையில் சட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். என்னை நாற்காலியில் ஏறி ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். தூசி போயிற்று, வட்டம் மரத்திலேயே ஊறியிருந்தது. போதும், விடு என்றாள்.

அடுப்பில் கஞ்சி இருந்தது. இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். இரண்டாவது வாணலி சுவரில் தொங்கியது. நாங்கள் குடித்தோம். அவள் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள்.

"தாவ்கிட்ட நேத்து கேட்டேன்," என்றாள். "நாபிய நிறுத்தாதீங்க, கடிகாரத்த நான் பாக்குறேன், அடுப்ப நான் பாக்குறேன், கொதி அறுந்தா முதல்லருந்து நான் எண்ணுறேன்னு சொன்னேன். அது மூணும் எனக்குப் போகல. நாக்குக்கு ஆள் இருந்தா யோசிக்கிறேன்னாரு."

நான் என் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"உனக்கு அன்னிக்கு ஒழுங்காத் தெரிஞ்சுது. எறும்பு ஊர்ற மாதிரின்னு பின்னால சொன்னியே, அதேதான். எனக்கும் அப்படித்தான் இருக்கும்." அவள் கிண்ணத்தின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஷாமா, நாளையிலருந்து காலையில மிளகு தொடாம, வெறும் கஞ்சி குடிச்சுட்டு வர்றியா?"